நூற்று ஐம்பத்தாறு வீடுகள்

சிலோயேக்குக் கிழக்கே எங்கள் தீவில்
வீடு மொத்தம் நூறு.
கதவு கதவாய் மழையோடு போய்க் கேட்டு வந்தேன்:
வலை போடும் வீடு ஐம்பத்திரண்டு,
உருளைக்கிழங்கு நடும் வீடு அறுபத்தொன்று,
சால்மன் ஆலைக்குப் போகும் வீடு நாற்பத்து மூன்று.
கூட்டினால் நூற்று ஐம்பத்தாறு.
மிச்ச வீட்டையெல்லாம் கடலா ஒதுக்கிப் போட்டது
என்று சிரித்தார் நகராட்சி ஒஸ்வால்தோ.

ஆலையை மூடப் போகிறார்களாம்.
எத்தனை அடுப்பு அணையும்?
திங்கட்கிழமைக்குள்
ஒரே ஓர் எண் வேண்டும் அவருக்கு.

குவளையைக் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றினேன்.
மூன்று வட்டம், ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

நடுவிலிருந்து தொடங்க வேண்டும்.
ஓரத்தில் தொடங்குகிறவனுக்கு
ஒரே ஆள் மூன்று முறை வணக்கம் சொல்வான்.
நடுவில் எட்டு.
வலையும் கிழங்கும் முப்பது என்றால்
அதற்குள்ளும் அந்த எட்டு ஒளிந்திருக்கிறது,
எடுத்தால் இருபத்திரண்டு.
கிழங்கும் ஆலையும், எட்டு போகப் பதினான்கு.
வலையும் ஆலையும், எட்டு போக ஏழு.
ஆலை வட்டத்தில் இவை நீங்கி
ஆலையை மட்டுமே நம்பிய வீடு
பதினான்கு.

தொலைபேசியில் சொன்னேன்.
"அவ்வளவுதானா!"
அவர் நாற்காலி பின்னால் சாய்ந்த சத்தம்.

வைத்த பிறகுதான் எட்டைப் பார்த்தேன்.
பள்ளியில் நினைத்திருந்தேன்
மூன்று வட்டமும் கூடுமிடம்
கொழுத்த இடமென்று.
எதெல்மிரா வெந்தேயோ அங்கேதான் இருக்கிறாள்.
விடியுமுன் வலை,
பகலெல்லாம் ஆலையில் முள் பிடுங்கல்,
இருட்டியபின் நெற்றிவிளக்கோடு கிழங்குப் பாத்தி.
கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணயர்ந்து
மூன்று கேள்விக்கும் "ஆம்" என்றாள்.
ஒன்றும் போதாத வீடுதான்
மூன்றிலும் நிற்கிறது.

திரும்பக் கூப்பிட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
ஐந்துக்குமேல் அவர் எடுப்பதில்லை.

வட்டங்களுக்குள் எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றேழு.
தாளின் மூலையில், வெளியே,
மூன்று என்று எழுதினேன்.
மூன்று கேள்விக்கும் "இல்லை" என்று
கதவைச் சாத்திய வீடுகள்.
பிறகு என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

ஈரக் குவளையை எங்கோ வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.
காலையில் பார்த்தால்
அந்த மூன்றைச் சுற்றி
நான் வரையாத ஒரு வட்டம்,
இன்னும் காயாமல்.