முதுகுத் தையல்

வயிற்றில்தான் கீறுவது வழக்கம்.
ஹெல்வே கத்தியை வைத்த இடத்தில்
ரோமம் ஈரமாய் ஒட்டியிருந்தது.
ரத்தமில்லை. பால்.

கத்தியைத் துடைத்தாள்.
அணிலைக் குப்புறப் போட்டாள்.
வோருவின் பைன் காட்டு அணிலுக்கு
முதுகில் கோடு கிடையாது;
பிடரியிலிருந்து வாலடிவரை
அவள் ஒன்று போட்டாள்.

தோலின் உள்புறம் போராக்ஸ்.
உரித்த உடம்பை நூலால் அளந்து
அதே பருமனுக்கு மரச்சுருளை இறுக்கிச் சுற்றி
கால் நாலுக்கும் கம்பி ஏற்றி,
கண்குழியில் களிமண்,
களிமண்ணில் கறுப்புக் கண்ணாடி மணி.

ஊசி எப்போதும் உள்ளிருந்து வெளியே.
வெளியிலிருந்து குத்தினால்
மயிரையும் இழுத்துக்கொண்டு போகும்,
மூடிய பிறகும் புண்போலத் தெரியும்.
நாலு தையலுக்கொரு முறை நிறுத்தி
மாட்டிய மயிரை முனையால் நிமிண்டி விட்டாள்.

எடுத்துப்போக தாவோ வந்தான்,
காரில் அடித்தவன்.
"கையில் ஒரு கொட்டை வைத்திருக்கலாம்,
பிள்ளைகள் சிரிப்பார்கள்."

"எந்த வளைவில் அடிபட்டது?"

"மர அறுவை ஆலைக்கு அப்பால். ஏன்?
அது ஏப்ரலில். இவ்வளவு நாளும்
ஃப்ரீசரில்தானே கிடந்தது."

வெளியே ஆகஸ்ட்.
பணத்தை எண்ணாமல் டப்பாவில் போட்டாள்.

அவன் அணிலை மல்லாத்தி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
வயிற்றில் தையல் போட்ட தடமே இல்லையே
என்று மெச்சினான்.