ஒன்றன்பால்

நவம்பர். மஞ்சள் கடல்
நாலு கிலோமீட்டர் பின்னால் போய் நிற்கிறது.
பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி
மறுகாலால் சேற்றை உதைத்து உதைத்து
நோரிம் சேற்றுவெளியில் சறுக்கிப் போகிறாள் தாக் கும்-ஓக்,
சிப்பிக்கு.
அந்தத் தடம் மூடுமுன் அதிலேயே கால் வைத்துப்
பின்னால் போகிறாள் சோல் மி-ரிம்,
தீயில் வாட்டிய கரண்டியோடு.

மேலே பழுப்பு. விரற்கடைக்குக் கீழே மை.
கிளறினால் கெட்ட முட்டை வாடை.
ஒரு கிராம் போதும் என்றதற்கு
கும்-ஓக் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்தன.
"என் காதுமடலில் ஒட்டியிருப்பதே அதற்கு மேல் தேறும்,
சுரண்டிக்கொள்."

அந்த ஒரு கிராமுக்குள்
கொரியாவைப்போல் இருபது கொரியா.
தட்டில் இட்ட உணவுக்கு வந்ததோ சில நூறு,
அத்தனையும் ஏற்கெனவே பெயர் வாங்கியவை,
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முந்துகிறவர்கள்.
பந்தி முடிந்து இலை எடுத்த பின்
முப்பத்தெட்டாம் நாள்
கழுவப்போகும் தட்டுகளை அடுக்கிய பியோன் தோ-சுன்
கை நிறுத்தினான்.
குண்டூசித் தலையில் பாதி.
மாக்பைப் பறவைகளுக்கென்று பறிக்காமல் விட்ட
கடைசிப் பெர்சிமன் பழத்தின் நிறம்.

பிறகு விசாரணை.
உப்பில்லாமல் இருப்பாயா? மாட்டேன்.
உப்பை மூன்று மடங்காக்கினால்? செத்துவிடுவேன்.
நாலு டிகிரிக் குளிரில்? அவசரப்படுத்தாதே.
சர்க்கரை? வேண்டாம்.
மாவுச்சத்து? வேண்டாம்.
நண்டு ஓடு?
பதிலே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்
புள்ளியைச் சுற்றித் தட்டு தெளிந்திருக்கிறது,
ஏப்பம் விட்டதுபோல் ஒரு வளையம்.

நாலே எழுத்தில் எழுதிய மரபணுவை
எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டார்கள்.
அறிந்த உறவோடு ஒற்றுமை 98.6.
98.7க்குக் கீழே இருந்தால்தான் வேறென்று எண்ணலாம்.
புள்ளி ஒன்று.
அந்தக் கோடு சேற்றில் எங்கும் இல்லை.
மி-ரிம் அன்றிரவு தூங்கவில்லை, சண்டையும் போட்டாள்,
யாரோடென்று நினைவில்லை.
முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தபோது
பிப்ரவரி; உறவு எண்பத்துமூன்றுக்கு இறங்கியிருந்தது.
வேறுதான்.
தோ-சுன் எல்லோருக்கும் கோழி வறுவல் வாங்கினான்.

இரண்டு நாட்டில் உயிரோடு வைக்க வேண்டும் என்பது விதி.
ஆடை நீக்கிய பாலில் கலக்கி, உறையவைத்து, உலர்த்தி
குப்பிகளில் அடைத்து அனுப்பினார்கள்.
பெல்ஜியத்திலிருந்து பதில்:
எழுப்பிப் பார்த்தோம், எழவில்லை.
மறுபடி பால். மறுபடி தபால்.

பெயரையும் திருப்பி அனுப்பினார்
லத்தீன் பார்க்கிற ஒருவர்:
நோரிமென்சிஸ் தவறு.
உங்கள் பேரினம் ஆணுமல்ல பெண்ணுமல்ல,
ஆகவே நோரிமென்சே.
மி-ரிம் வாலை வெட்டி வேறு வால் ஒட்டினாள்.
அவள் மொழிக்கு இந்தத் தொல்லை கிடையாது.
நமக்கு உண்டு, ஆனால் எளிது:
அஃறிணை, ஒன்றன்பால், அது.
ஒன்பது மணி நேரம்வரை செல்லும்.
அதற்குள் அது நடுவில் இடுங்கி
இரண்டாகிவிடும். அவை.
எது பழையது எது பிள்ளை என்று
இரண்டில் எதைக் கேட்பது?

ஏப்ரலில் சேற்றுக்கு வந்து சொன்னாள்.
"உங்கள் நோரிமின் பெயரை வைத்திருக்கிறோம்."
"எதற்கு?"
"கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. நண்டு ஓடு தின்னும்."
கும்-ஓக் கூடையில் சிப்பியை உலுக்கிக் கொட்டினாள்.
"கிலோ என்ன விலை போகும்?"
"போகாது."
"அப்படியானால் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்."
தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தடித்தது.
"தண்ணீர் திரும்புகிறது, ஏறு பலகையில்.
அந்தக் கரண்டியை மடியில் வை, குத்தப்போகிறது."
இரண்டு பேர் பாரத்தில்
பலகை சற்று அமிழ்ந்து, பிறகு நகர்ந்தது.