தண்ணீருக்கு இரண்டு கிலோ

மூடுபனி இறங்கும் நாட்களில் எனக்கு ஒன்றுமில்லை.
அன்றைக்கு யாருக்குமே
எதிர்வீடு இருக்காது.
பஸ்ஸை ஹார்னை வைத்தும்
ஆளை இருமலை வைத்தும் கண்டுபிடிப்பார்கள்.
கோத்தகிரி முழுக்க என் கூட்டம்.

பயமெல்லாம் பனி விலகினால்தான்.
பங்குனி வெயிலில்
ரங்கசாமி மலை வரை
மரம் மரமாகத் தெரியும்போது,
யாரோ ராத்திரி வந்து ஆணியடித்து
மாட்டிவிட்டுப் போன காலண்டர்போல
எல்லாம் தொங்கும்.
முன்னால் நான்,
தேதி கிழிக்க வந்தவள் மாதிரி.

முதல்முறை வந்தது மேட்டுப்பாளையம் பஸ்ஸில்.
டிக்கெட்டுக்கு நீட்டிய கை
என்னுடையதில்லை.
வளையல் என்னுடையது.
நகக்கண்ணில் மைக்கறை என்னுடையது.
கை மட்டும் இல்லை.
கண்டக்டர் மீதிச் சில்லறையை அதில் வைத்தார்.
அது வாங்கிக்கொண்டது.

குன்னூர் டாக்டரம்மா
எத்தனை நாளாய்த் தூங்கவில்லை என்று கேட்டார்.
தம்பி வாங்கிய கடனையும்
ஆறு மணிக்கே அடிக்கும் தவணைக்காரன் போனையும் சொன்னேன்.
பைத்தியமில்லை, பதற்றம் என்றார்.
வீடு எரியாமலிருக்க
மனசே ஃப்யூஸைப் பிடுங்கிக்கொள்கிறதாம்.
சரி, இருட்டில் எப்படிச் சோறு வடிப்பது?
சிரித்தார்.
நான் கேலிக்குக் கேட்கவில்லை.

ஐந்து பொருளைத் தொட்டுப் பேர் சொல்லச் சொன்னார்.
தராசுச் சங்கிலி.
சாக்கு.
மேசைக்கு அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்.
நாலாவதற்குள்
பேர் சொல்கிறவள் யார் என்று வந்து நிற்கும்.

நின்றால் விரட்டக் கூடாது.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ரோட்டில் காட்டெருமை நின்றால்
ஹார்ன் அடிப்போமா?
விளக்கைத் தணித்துவிட்டு
உட்கார்ந்திருப்போம்.
சில நாள் பத்து நிமிஷத்தில் நகரும்.
சில நாள் நடுரோட்டிலேயே படுத்துவிடும்.
அப்போதும் உட்கார்ந்திருப்போம்,
வேறென்ன.

நேற்று பனியில்லாத செவ்வாய்க்கிழமை.
கொழுந்து வாங்கும் கொட்டகையில்
தலைச்சாக்கோடு வரிசை,
சத்தத்தை அணைத்த டி.வி. போல.
வாய்கள் அசைந்தன.
முள் ஆடி நின்றது.
அந்தக் கை எழுதிக்கொண்டே போனது:
இருபத்துமூன்றரை,
தண்ணீர்க் கழிவு இரண்டு,
இருபத்தொன்றரை.

'எந்தத் தண்ணி?'
டி.வி.க்குள்ளிருந்து ஒரு குரல்.
'ஏய் சகாயராணி, எந்தத் தண்ணிக்கு ரெண்டு கிலோ?'
பவளக்கொடி.
முக்காடு சரிந்து, மூக்குத்தி வேர்த்து,
மேசையில் ஓங்கி அறைந்தாள்.
'வெயில் மண்டையப் பொளக்குது,
மழை பேஞ்சு இருவது நாளாச்சு.
எலைய வந்து தொட்டுப் பாரு புள்ள,
மரக்கட்டை மாதிரி ஒக்காந்திருக்க!'

எழுந்து போனேன்.
அந்தக் கையை முழங்கை வரை சாக்கில் விட்டேன்.
மேலே காய்ந்து சரசரப்பு.
உள்ளே சூடு.
அடைத்துவைத்த கொழுந்துக்கு
ஒரு காய்ச்சல் உண்டு,
கன்றுக்குட்டி வயிறு மாதிரி.
முற்றின காம்பொன்று
பெருவிரல் நகத்துக்கடியில் ஏறியது.

ஆ என்றேன்.
என் குரலில்தான்.

வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.
இவ்வளவு இரைச்சலா இங்கே எப்போதும்?

இரண்டை அடித்து
இருபத்துமூன்றரை என்று எழுதினேன்.
அவளுக்குப் பின்னால் நின்ற
பதினோரு பேருக்கும் அடித்தேன்.
ஃபேக்டரியில் நாளைக்குக் கேட்பார்கள்.
கேட்கட்டும், சம்பளத்தில் பிடிக்கட்டும்.

சாயங்காலம் நடந்து வரும்போது
மலை பழையபடி ஆணியில்தான் தொங்கியது.
கை மட்டும் திரும்பியிருந்தது,
மணிக்கட்டு வரைக்கும்.
பெருவிரலை வாயில் வைத்தேன்.
துவர்ப்பு,
கொஞ்சம் ரத்தம்.
மீதி ஆள்
இன்னும் வந்து சேரவில்லை.