ஒரே ஆணியில் இரண்டு படங்கள்

முக்கூடல் அங்கன்வாடிச் சுவரில்
போன ஐப்பசி மழைக்கு ஓர் ஆணி உதிர்ந்துவிட்டது.
அன்றிலிருந்து
'என் குடும்ப'மும் 'சரிவிகித உண'வும்
ஒரே ஆணியில் தொங்குகின்றன.
காற்றடித்தால்
தந்தையின் முகத்தில் முருங்கைக்கீரை விழும்.

குடும்பத்தில் ஆறு பேர்.
முதல் நாளே கேட்டான் இசக்கிதுரை:
"மாமா எங்க டீச்சர்?"
காது குத்தும்போது மடியில் வைத்திருந்த மாமா,
ஆலங்குளம் சந்தை முடிந்து
தக்காளிப் பெட்டியோடு வருகிற மாமா
படத்தில் இல்லை.
அத்தை இல்லை. சித்தி இல்லை.
"வெளிய போயிருக்காங்க" என்றேன்.
"எப்ப வருவாங்க?"
எனக்குக் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில்
இதற்கு விடை கிடையாது.

இரண்டு படத்துக்கும் முடிச்சுப் போட்டது பிள்ளைகள்தான்.
நான் சொன்னது இவ்வளவே:
சோறு ஓட வைக்கும்,
பருப்பு வளர வைக்கும்,
கீரை சீக்கை விரட்டும்.

"அப்போ எங்கப்பாதான் சோறு.
லாரி ஓட்டுதாரு" என்றாள் ரெக்சிலின்.

ஷமீராவின் வாப்பா பேரீச்சம்பழம்.
ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவார்,
வந்தால் தெருவுக்கே பங்கு.

முட்டை யார் என்பதில் அடிதடி.
வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவதால்
மினி பஸ் கண்டக்டர் சித்தப்பா என்று தீர்ப்பாயிற்று.

பாகற்காய்க்கும் ஆள் இருந்தது.
பெயரை எழுத மாட்டேன்.
இரண்டு பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா,
எனக்குக் கட்டிடச் சொந்தக்காரர்.

முப்பிடாதி எதுவும் சொல்லவில்லை.
வயது மூன்றேமுக்கால்,
எடை பத்துக் கிலோ தொள்ளாயிரம்,
வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டையில்
நாலு மாதமாக நிற்கிறாள்.

நான் பதிவேட்டில் குனிந்திருந்த நேரம்
பழுப்புக் கலர் மெழுகுக் குச்சியோடு
ஸ்டூலில் ஏறி நின்று வரைந்துகொண்டிருந்தாள்.
தாயின் மடியில் ஒரு வட்டம்.

அப்போதுதான் பார்த்தேன்.
ஐந்து பேர் முன்னாலும் இலை விரித்திருக்கிறது.
கரண்டியோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு முன்னால்
வெறும் தரை.
ஒன்பது வருஷமாக
அடிக்குச்சியால் தொட்டுத் தொட்டு
'இது யாரு' என்று கேட்ட படம்.

"தட்டாட்டீ அது?"
"இல்ல. சொளகு.
எங்கம்ம பீடி சுத்துதா."

எனக்குத் தெரியாதா?
கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் சுற்றியவள் நான்.
தூள் குறையக் கூடாது, கணக்கு குறையக் கூடாது.
மடியில் சொளகு இருக்கும்வரை
மடியில் வேறு எதற்கும் இடமில்லை,
பிள்ளைக்கும், சோற்றுக்கும்.

இசக்கிதுரை குச்சியைப் பிடுங்கினான்.
வட்டத்துக்குள்ளே கோணலாக ஒரு முட்டை போட்டான்.

"ஐயே! சித்தப்பாவத் திங்கக் கூடாது!"
கூச்சலில் கொதிக்கிற பருப்பை விட்டுவிட்டு
எட்டிப் பார்த்தாள் சமையல் செய்கிற பிரம்மாச்சி.

அவன் கொஞ்சம் யோசித்தான்.
"இது சித்தப்பா இல்லல.
சும்மா முட்ட."

முப்பிடாதி அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சிரித்தாள் என்று எழுத ஆசைதான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார்.
எடைக் கருவி பார்த்தார், சத்துமாவுப் பை எண்ணினார்,
சுவரைப் பார்த்தார்.
'விளக்கப் படம் கிறுக்கப்பட்டுச் சிதைந்துள்ளது.
புதிய படம் கோரிப் பெறவும்.'

கீழே கையெழுத்துப் போட்டேன்.
கோரவில்லை.
ஆணிகூட வாங்கவில்லை.