திங்கட்கிழமைத் தலையிடி

திருக்கோவில் ஆஸ்பத்திரியில்
நாக்குக்குக் கீழே மிஸ்ஸி வைத்த குளிசை
கரைந்துகூட முடியவில்லை,
இரண்டு பொட்டிலும் அந்தப் பழைய இடி.
நெஞ்சைப் பிசைந்த கை மெல்ல விட,
மண்டையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்:
இவனை எனக்குத் தெரியுமே.

சங்கமன்கண்டிக்கு மேற்கே கல்லுடைத்த காலம்.
துளை போடுவது உதுமாலெவ்வை,
குச்சி பிரித்துத் திணிப்பது இரண்டு பேரும்.
வெறுங்கை. மெழுகுத்தாளில் எண்ணெய் வியர்த்திருக்கும்.
ஞாயிறு வீட்டில் கிடந்துவிட்டுத்
திங்கள் தொட்டால் மண்டை பிளக்கும்.
செவ்வாய் குறையும், புதன் பழகிவிடும்.
வேலைக்கள்ளம் என்பார் கொந்தராத்துக்காரர்.

"அதே சாமான்தான் ஐயா,
அளவுதான் வேற" என்றா டொக்டர் றிஸ்மியா,
மட்டக்களப்பில், மறுநாள்,
என் மணிக்கட்டுக் கட்டைத் தளர்த்தியபடி.

குழாயின் உட்புறம் ஒரு தோலாம்,
ஒற்றைக் கலத் தடிப்பு.
அது ஒரு வாயுவை விட்டுக்கொண்டே இருக்குமாம்,
நைத்திரிக் ஒட்சைட்டு.
ஆயுள் சில வினாடி.
அதற்குள் தசையிடம் சொல்லும், தளரு.
இரத்தச் சிறுதட்டுகளிடம் சொல்லும்,
இங்கே கூட்டம் கூடாதே.
(ஊரடங்குக் காலத்து ஆள் நான். சிரித்துவிட்டேன்.)

அடைப்பைத் திறக்க ஊதிய பலூன்
அந்தத் தோலையும் உரித்துவிட்டது.
உரிந்த இடத்தில் சொல்ல ஆளில்லை.
தட்டுகள் கூடும், தசை தடிக்கும்,
திறந்த வழி திரும்பவும் ஒடுங்கலாம்.
அதற்குத்தான் ஒரு வருடக் குளிசை,
யோகம் எண்ணி எண்ணி வைக்கிறாள்.
மிச்சம், ஓரத்தில் தப்பிய கலங்களின் பாடு.
ஒன்றையொன்று விடாமல்
மயிரிழை மயிரிழையாய் ஊர்ந்து வந்து
அவைதான் மூட வேண்டும்.

கடல் வந்து சுரண்டிப்போன அடுத்த வருடம்
தம்பிலுவில் மணலில் அப்படித்தான் வந்தது அடம்பன்.
நடுவில் ஒரு முளையும் இல்லை,
எல்லாம் விளிம்பிலிருந்து.
நான் வெடித்த பாறையோ
பிளந்த பக்கம் இன்னும் வெள்ளையாய் நிற்கிறது.

ஒன்று மட்டும் டொக்டரிடம் கேட்டேன்.
உதுமாலெவ்வை போனது ஒரு ஞாயிறு.
நாற்பத்தொரு வயது, நோய் நொடி இல்லை,
கையில் குச்சி இல்லாத நாள்.

கட்டை அவிழ்த்து முடிக்கும்வரை
அவ பேசவில்லை.

"நடங்க" என்றா பிறகு.
"இரத்தம் உரசி ஓடினாத்தான் சுவர் அதை விடும்."

நடக்கிறேன். கடற்கரை றோட்டில், கோயிலடி வரை.
இன்று திங்கள். தலையிடி இல்லை.
இல்லாத இடத்தை
ஒருக்கால் தொட்டுப் பார்க்கிறேன்.