நான்காவது பத்தி

வரவு, செலவு, கடன்.
பேரேட்டில் அச்சாகி வந்தவை மூன்று பத்திகள்தாம்.
நான்காவதை நான் போட்டேன்,
அடிக்கோல் அகப்படாமல்
சார்டின் பெட்டி அட்டையின் ஓரத்தை வைத்து.
தலைப்பு எழுதவில்லை.
என்ன எழுதுவது என்றுதான்
அன்று ராத்திரி பத்தரை வரை கூட்டம்.

எல்லாம் ஓர் ஐஸ்பெட்டியால் வந்தது.
தெலுக் இந்தானிலிருந்து லோரியில் படுத்து வந்து
பீடோர் கூட்டுறவுக் கடை வாசலில் எழுந்து நின்றது,
மூடி நிறைய டத்தோவின் சிரிப்போடு.
தேர்தலுக்குப் பத்தொன்பது நாள்.
"இனாம்தானேம்மா, எடுத்து வைங்க" என்றார் லோரிக்காரர்.
இனாமை நிறுக்க
எங்கள் தராசில் படிக்கல் இல்லை.

நாற்பத்தேழு அங்கத்தினர்.
ஆளுக்கு நூறு வெள்ளி பங்கு,
அதையே சிலர் பத்துத் தவணையில் கட்டினார்கள்.
மீன் கெடாமல் இருக்குமே என்றார் தவமலர்.
முகத்தின் மேல் விலைப்பட்டியலை ஒட்டிவிடுவோம் என்றார் அஞ்சப்பன்.
டத்தோவின் ஆளுக்குப் போன் போட்டோம்.
படம் உரியாது, உரிக்கவும் கூடாது;
வெள்ளிக்கிழமை போட்டோ பிடிக்க வருவோம்,
சேலை கட்டிய நாலு பெண்கள் பக்கத்தில் நிற்கட்டும் என்றார்.
தவமலர்தான் முதலில் எழுந்தார்.

திருப்பி அனுப்பிய லோரிக்கூலி எண்பத்தைந்து வெள்ளி.
நான்காவது பத்திக்கு 'நன்கொடை' என்று தலைப்பிட்டு
அதன் முதல் வரியில்
செலவு எண்பத்தைந்து என்று எழுதினேன்.
ஆடிட்டர் என்ன சொல்வாரோ.

பிறகு முப்பது டின் பிஸ்கட் வந்தது,
காலாவதியாக ஒன்பது நாள்.
தேதியைப் பெரிசாக எழுதி
விலையில்லாமல் வாசலில் வைத்தோம்.
விற்றால் லாபம், லாபம் வந்தால் டிவிடெண்ட்;
எவரோ கொடுத்ததில் எனக்கென்ன டிவிடெண்ட்?

சபாபதி மண்டோர் இரண்டு மூட்டை அரிசி தந்தார்,
செத்துப்போன சம்சாரத்தின் பேரில்.
பேரைப் பலகையில் எழுதணும் என்றார்.
பேரேட்டில்தான் எழுதுவோம் என்றோம்.
கோபித்துக்கொண்டு போனவர்
மறுவாரம் வந்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.
'பூங்கோதை' மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.
அரைக் கிலோ உப்பு வாங்கிப் போனார்.

எனக்குக் கணக்கு இடித்தது ஒரே இடத்தில்.
ஞாயிறு காலையில் பின்பக்கப் படியில் மரவள்ளிக் கிழங்கு,
மண் உதறாமல்,
செம்பனை ஈர்க்கால் கட்டி.
ஆறு கிலோ. ஐந்தரை. ஏழு. மறுபடி ஆறு.
பேர் எழுதும் இடத்தில் வெறும் கோடு.
ஐந்தாம் வாரம் விடியுமுன் போய் உட்கார்ந்தேன்.

ரஃபிகுல்.
பதினொன்றாம் பிளாக்கில் குலை வெட்டுகிற
பங்களாதேஷ் பையன்.
பங்கு வாங்க நூறு வெள்ளியோடு வந்தவனிடம்
சட்டத்தில் இடமில்லை என்று
பாரத்தைத் திருப்பிக் கொடுத்தவள் நான்.
அங்கத்தினர் விலை கிடையாது, கடனும் கிடையாது.
பிறகு ஏனப்பா என்று மலாயில் கேட்டேன்.
நிறைய விளைந்துவிட்டது என்றான்.

டத்தோவின் ஆளிடம் கேட்டதை
இவனிடமும் கேட்டாக வேண்டும், அதுதானே நியாயம்:
பதிலுக்கு என்ன வேண்டும்?
பேரேட்டை எட்டிப் பார்த்தான்.
அந்தக் கோட்டைத் தொட்டான்.

எழுதினேன்.
அவனுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் அவன் பேர்.
எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டான்.
காட்டினேன்.
மேலே இருந்த நாலு கோடுகளையும் காட்டினான்.
அங்கேயும் எழுதினேன்.

அங்கத்தினர் சட்டம் ஏழு, திருத்தம் கோரி
அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறேன்.
அஞ்சப்பன் ஒத்துக்கொள்ள மாட்டார்.
வெளியாளைச் சேர்த்தால் கடை என்னாகும் என்கிறார்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
கிழங்கெடுக்க முதல் ஆளாக வருகிறவரும் அவர்தான்.