ஈரக்கோடு

ஆகஸ்டில் ஹூமாவுக்கு வந்தால்
மூச்சை இழுக்க வேண்டாம், குடித்தால் போதும்.
ஓடை எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று
பெலிக்கனுக்கே சந்தேகம்.

இந்த ஊரில் கம்பளம் துவைப்பவன் நான்.
வண்டியில் கொதிகலன், நாற்பது கஜம் குழாய்,
மூன்று விசிறி, ஒரு ஈர உறிஞ்சி.
அழுக்கெடுப்பதுதான் என் தொழில் என்று நினைக்கிறார்கள்.
அழுக்கு சாது. சோப்பைக் கண்டால் இறங்கி வந்துவிடும்.
நான் மல்லுக்கட்டுவது தண்ணீரோடு.
ஊற்றுவதும் நானே,
கெஞ்சிக் கூத்தாடி வெளியேற்றுவதும் நானே.

ரோபிஷோ சகோதரிகள் வீட்டுக்கு
ஒரே கோடையில் இது மூன்றாம் முறை.
மே மாதம் துவைத்தேன். பத்தே நாளில் வாடை.
ஜூனில் மறுபடி, வினிகர் சேர்த்து.
பன்னிரண்டாம் நாள் போனில் எர்லின்:
"நடைவழியில் நனைந்த நாய் படுத்திருக்கிறது, டெஸ்மண்ட்.
எங்களிடம் நாய் கிடையாது."

எர்லினுக்கு வடக்கு அறை.
ஏசி அறுபத்து நாலில். ஆகஸ்டில் ஸ்வெட்டர்.
வீடாவுக்குத் தெற்கு அறை. சன்னல் ராப்பகலாகத் திறந்தே;
தவளைச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்காதாம்.
இடையில் பன்னிரண்டடி நடைவழி, பழுப்புக் கம்பளம்.
பேசி எத்தனை நாளாயிற்று என்று நான் கேட்கவில்லை.
ஃபிரிட்ஜில் இரண்டு பால் டப்பா இருந்தன,
இரண்டிலும் பெயர் எழுதி.

இம்முறை குழாயை இறக்கவில்லை.
மூலையில் இடுக்கி கொடுத்து இழுத்தேன்.
துருவேறிய ஆணிப்பட்டை முனகியபடி விட்டது.
புரட்டினால்,
எர்லின் கதவுக்கு ஒரு சாண் இப்பால்
சுவர் விட்டுச் சுவர்
ஒரு பூஞ்சைக் கோடு.
ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.
கருப்பு. ஓரங்களில் பச்சை.

அவள் குளிர் கதவிடுக்கில் ஊர்ந்து வருகிறது.
இவள் வெக்கை ஓடையையே சுமந்து வருகிறது.
இரண்டும் முட்டிய இடத்தில்
சோடா புட்டி வியர்ப்பதுபோல்
இரவெல்லாம் வியர்த்திருக்கிறது சிமெண்டுத் தரை.
யாரும் சிந்தாத தண்ணீர்.

கூப்பிட்டுக் காட்டினேன்.
"அவள் சன்னல்" என்றாள் எர்லின், என்னைப் பார்த்து.
"அவள் பெட்டி" என்றாள் வீடா, அவளும் என்னைப் பார்த்து.

"எட்டு மணி நேரம்" என்றேன்.
"சன்னலைச் சாத்துங்கள்.
காயவைக்கிற காற்று வெளியே இல்லை, நவம்பர்வரை வராது.
ஏசி எழுபத்தாறு.
அறைக்கதவு இரண்டும் விரியத் திறந்திருக்கட்டும்.
இல்லையென்றால் நாலாம் முறையும் வருவேன்,
காசும் வாங்குவேன்."

விசிறிகள் விமானம்போல் இரைந்தன.
அவரவர் கட்டில் விளிம்பில் அவரவர்,
எதிரெதிரே,
நடுவே தோலுரிந்த தரை.

பகல் ஒரு மணி இருக்கும். வீடா ஏதோ சொன்னாள்.
எர்லின் காதருகே கை குவித்து, "என்ன?"
மறுபடி சொன்னாள்.
"என்ன?"
மூன்றாம் தடவை கத்தினாள்:
"அந்த ஸ்வெட்டர் என்னுடையது என்றேன்!"
எர்லின் குனிந்து தன்னையே பார்த்தாள்,
பொத்தான் பொத்தானாக.
நான் பில் புத்தகத்தில் எதையோ தேடினேன்.

ஐந்து மணிக்கு உறிஞ்சியின் வாளி தளும்பியது.
"எங்கே கொட்ட?"
ஒரே நேரத்தில் பதில்:
ஒருத்தி தொட்டி என்றாள், ஒருத்தி வெண்டைச் செடி என்றாள்.
எது யார் குரலென்று அந்த இரைச்சலில் பிடிபடவில்லை.
வெண்டை பக்கத்தில் இருந்தது. ஊற்றினேன்.

கோடிருந்த துண்டை வெட்டி எறிந்து
அலமாரிக்குள்ளிருந்து எடுத்த ஒட்டு போட்டேன்.
நிறம் ஒரு மாற்றுக் குறைவு.
தெரிந்து பார்த்தால் தெரியும்.

செப்டம்பரில் போன் அடித்தது. எர்லின்.
நாய் திரும்பிவிட்டதோ என்று வயிற்றில் புளி கரைந்தது.
"வாடை இல்லை" என்றாள்.
"ஆனால் டெஸ்மண்ட்,
பெட்டி இப்போதெல்லாம் நடுராத்திரியில் ஓய்ந்துவிடுகிறது.
அப்போது,
சன்னல் சாத்தியிருந்தும்,
இந்தத் தவளைகள்...
எப்போதுமே இவ்வளவு சத்தமா?"

நான் கம்பளக்காரன், அம்மா, என்றேன்.
எதிர்த்த அறையில் கேளுங்கள்.